டயர்ச் சாசனம்: ஒரு முதற்கட்ட வாசிப்பு

கோயில் சுவரில் நாலு எழுத்து கண்டால் மைதடவிப் படியெடுக்கும் நம் அறிஞர்கள், காரின் டயர்ச் சுவரில் பொறித்திருப்பதை இன்றுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. டயர் மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் வந்ததால் இக்குறையைப் போக்க நானே துணிந்தேன். களஆய்வு என் வீட்டு வாசலில் நடந்தது. முதற்பேறு முழங்கால் வலி.

மூலபாடம் வருமாறு: 185/65 ஆர்15 88எச்.

டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டமோ 15 அங்குலம். ஒரே வரியில் மூன்று அளவை மரபுகள்! மணிப்பிரவாளம் வழக்கொழிந்தது என்போர் டயர்க்கடைப் பக்கம் போனதில்லை என்று தெரிகிறது.

‘ஆர்’ என்பதை ஆரம் என்று கொள்வது பிழையுரை. அது ரேடியலின் முதலெழுத்து. ஆனால் ரேடியல் டயருக்குள் நூலிழைகள் ஆரக்கால்கள் போலவே குறுக்கே ஓடுகின்றன. ஆகவே ‘ஆர்’ ஆரக்காலே என்று சாதிக்கும் தமிழ்ப்புலவர், தவறான வழியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

88 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ‘எச்’ வேகக் குறியீடு: மணிக்கு 210 கிலோமீட்டர். இங்கேதான் பாடபேதச் சிக்கல். எஸ் 180, டி 190, யூ 200 என்று ஒழுங்காக வரும் வரிசையில் அடுத்து எச் 210, அதன்பின் வி 240. எச் ஐயத்துக்கிடமின்றி இடைச்செருகல். என் வண்டி கண்ட உச்ச வேகம், செங்கல்பட்டு தாண்டி ஒருமுறை, 95. இருந்தாலும் வண்டி செய்தவர் குறித்த சுமைக்கும் வேகத்துக்கும் குறைந்த டயரை மாட்டலாகாது. மூலத்தைத் திருத்தும் உரிமை உரையாசிரியருக்குக் கிடையாது.

அந்த உரிமை தனக்கு உண்டென்பவன் என் மைத்துனன். “மாமா, 195/55, 16 இஞ்ச் அலாய் போடுங்க. வண்டி சும்மா கெத்தா நிக்கும்.” கணக்குப் போட்டேன். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர்; அவன் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் வேகமானி பொய் சொல்லாது. ஆனால் ரப்பர்ச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107க்கு இறங்குகிறது. போன அந்த 13 மில்லிமீட்டர்தான் எங்கள் தெருக்குழிக்கும் ரிம்முக்கும் நடுவே நின்று பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தது. கெத்துக் கோட்பாட்டை இவ்வாய்வு நிராகரிக்கிறது.

சில டயர்களில் ‘எம்+எஸ்’ என்றொரு பொறிப்பு உண்டு; சேறும் பனியும் என்று பொருள். ‘மார்கழிப் பனிக்கு நல்லதுதானே?’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வானத்திலிருந்து கொட்டி உறைவதற்கும் புல்நுனியில் நிற்பதற்கும் தமிழில் சொல் ஒன்றே என்பதால் நேர்ந்த மயக்கம் இது. மலைமுகடும் பனித்துகளும் பொறித்த அசல் குளிர்கால டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழும் இறுகாதபடி கலந்தது. கத்திரி வெயிலில் அது பென்சில் ரப்பர் போல் தேயும். பெரும்பொழுது ஆறு வகுத்த இனத்துக்குக் கோடை டயர் ஒன்றே போதும்.

கரடுமுரடான மண்பாதைக்குரிய தடித்த பட்டன் டயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தார்ச்சாலையில் ஓயாமல் முனகும். நவம்பர் மாத வேளச்சேரிவாசிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா என்று யோசித்தேன். அவர்களுக்கு வேண்டியது டயரன்று, துடுப்பு.

எஞ்சியது காலக்கணிப்பு. பக்கச்சுவரின் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வாங்குமுன் இதைப் படிக்காதவருக்குக் கடைக்காரர் பழஞ்சரக்கைப் புதுச்சரக்காகத் தள்ளிவிடலாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். தேய்மானத்துக்குத் தனிச் சான்று உண்டு: காடிகளுக்குள் ஒளிந்திருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடு. ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் மொட்டை.

என் நான்கும் மொட்டை. ஐந்தாவது பிரதியைத் தேடி டிக்கியைத் திறந்தோம். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் பிறந்த ஒரு மாற்றுச் சக்கரத்தின் பெயரை நாம் இன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்த ஸ்டெப்னி. எழுத்துகள் சிதையவில்லை, காடிகள் தேயவில்லை. சாசனம் தெளிவாகச் சொன்னது: 1214. அதாவது 2014ஆம் ஆண்டு, 12ஆம் வாரம்.

“புதுசு மாதிரியே இருக்கு மாமா” என்று மைத்துனன் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் உள்ளே போயிற்று.