தீயில் ஏறும் சுருதி

இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு, அதாவது வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறை, முழங்குமுன் சருகைக் கொளுத்தி அத்தோலைக் காய்ச்சுவது வழக்கம். மலைப்பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்த தோல் சூட்டில் இறுகிக் கணீரென்று ஒலிக்கும். திருவிழா இரவில் மேடையேறும் இசைக்குழுவோ தன் கீச்சொலிக்கு உள்ள இத்தகைய எளிய வைத்தியத்தை நாடுவதில்லை. ஒலிபெருக்கியின் ஓசையையே ஒலிவாங்கி மீண்டும் வாங்கிப் பெருக்குவதால் எழும் கீச்சொலி ஒலிப் பின்னூட்டம் எனப்படும். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னிருந்து சற்று நகர்த்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும் இதனை, ஆளுக்கு ஆள் தம் வாத்தியத்தின் சத்தத்தைக் கூட்டி அடக்க முயல்வதே மேடை மரபாக நிலைபெற்றுவிட்டது. ஒத்திகைக்கு வராத கிட்டார்காரர் திரை விலகிய பின் தந்தியை முறுக்கத் தொடங்குவதும், பணம் பங்கிடுகையில் மட்டும் தாளம் தப்பாத கீபோர்ட்காரர் இரண்டாம் பாட்டின் நடுவே கைபேசியில் மச்சானிடம் நலம் விசாரிப்பதும், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதே நிகழ்ச்சியின் மிக நீண்ட உருப்படியாகிவிடுவதும் இம்மரபின் கிளைகள். இதற்கிடையில் மின்சாரமும் போய்விடுமாயின், கோயில் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தப்புக்காரர்கள் எவரும் சொல்லாமலேயே எழுந்து, சருகு பொறுக்கப் புறப்படுவார்கள்.