பாம்பன் கடந்து வரும் குரல்

ஒரு காலத்தில் ராமேஸ்வரத்தில் தொலைபேசி வைத்திருப்பவர் தெருவுக்கே சொந்தக்காரர். பெரியப்பாவின் லாட்ஜ் ரிசப்ஷனில், எண் சுழற்றும் தட்டில் சின்னப் பூட்டோடு, கறுப்பாகவும் கனமாகவும் உட்கார்ந்திருந்த அந்தக் கருவியின் எண்ணை மேற்கு ரத வீதியில் பாதிப் பேர் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் ‘பி.பி.’ என்று சேர்த்து அச்சடித்திருந்தார்கள். மணி அடித்து, “எதிர்வீட்டு அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?” என்று மதுரையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ ஒரு குரல் கேட்டால் போதும், ரூம் பாய் செருப்பு மாட்டாமல் ஓடுவான், அவன் கிடைக்காத நேரங்களில் நான் ஓடுவேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, பேசி, அழுது, சிரித்து, போகும்போது ரிசப்ஷனில் இருக்கும் எல்லோருக்கும் சேதி சொல்லிவிட்டுப் போவார். தை மாதமானால் நன்றிக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு வந்து சேரும். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டு எண் இன்னும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கலாம்.

வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம் என்பதால் சாவுச் செய்தி சொல்ல மட்டுமே அதைக் கேட்பார்கள். காசியிலிருந்து கங்கை ஜலத்தோடு வந்த யாத்ரீகர் விடியற்காலை புக் செய்துவிட்டு, அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி காய்ந்து, மத்தியானச் சாப்பாடும் முடித்து ரிசப்ஷன் பெஞ்சில் வந்து உட்காரும்போதுகூட லைன் கிடைத்திருக்காது. அந்தப் பெஞ்சில்தான் என் ஹிந்தி வளர்ந்தது. பிகாரின் மழையைப் பற்றியும் குஜராத்தின் பருத்தி விலையைப் பற்றியும் அங்கேதான் கேட்டேன். காத்திருக்க வைத்த கம்பிக்கு இதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே ஓடியது; எங்கள் தீவுக்கு அந்த வசதி வந்து சேர வெகுகாலம் பிடித்தது. வந்ததும் 04573 என்ற எண் எங்கள் ஊரின் இன்னொரு பெயராகிவிட்டது. மஞ்சள் எழுத்துப் பலகையும் கண்ணாடிக் கூண்டும் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டருமாகத் தெருவுக்குத் தெரு பூத் முளைத்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் அந்த நேரத்துக்குத்தான் வரிசை நீளும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்து மண்டபம் முகாமில் தங்கியிருந்தவர்கள் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போன உறவுகளின் குரல் கேட்க ஐ.எஸ்.டி. பூத் வாசலில் நிற்பார்கள். பேச்சில் பாதி, மீட்டரைப் பார்த்தபடி நடக்கும். கடலுக்குப் போன படகு திரும்பாத நாளில் தங்கச்சிமடத்துப் பெண்கள் அதே வாசலில் நிற்பார்கள். இன்று வாட்ஸ்அப்பில் காசில்லாமல் முகம் பார்த்தே பேசுகிறார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சிதான். அந்த மீட்டர் ஓடும் சத்தம் மட்டும் இனி யார் நெஞ்சையும் பிசைய வேண்டாம்.

இப்போது லாட்ஜை நடத்துவது அண்ணன் மகன். “சித்தப்பா, இன்டர்காம், ரிசப்ஷன் போன், புக்கிங் லைன் எல்லாத்தையும் இன்டர்நெட்டுக்கு மாத்தப் போறேன். பழைய போர்டு வெளியே, சின்னப் பெட்டி உள்ளே” என்று திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தான். உட்கார்ந்து பேசினோம். கணக்கு எளிது: ஒரு அழைப்புக்குச் சுமார் 100 கேபிபிஎஸ் வேண்டும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் போதும். ஆனால் நாற்பது அறைகளிலும் விருந்தாளிகள் வீடியோ பார்க்கும் அதே இணைப்பில் குரலையும் அனுப்பினால் குரல் வெட்டுப்படும். ரூட்டரில் குரலுக்கு முதல் வழி விட வேண்டும். அதை அவன் எழுதிக்கொண்டான்.

மின்சாரத்தைப் பற்றி நான் கேட்டேன். பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் ‘ஙொய்’ என்று உயிரோடு இருக்கும். உப்புக்காற்றில் அந்தக் கம்பியின் இணைப்புகள் பச்சை பூத்து, மழை வந்தால் கொரகொரத்ததும் உண்மை. கண்ணாடி இழைக்கு அந்த வியாதி கிடையாது. ஆனால் இழையில் மின்சாரம் வராது. கருவி, ரூட்டர், பெட்டி மூன்றுக்கும் யு.பி.எஸ். வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை கடந்தபோது டெல்டாவில் எத்தனை நாள் விளக்கு எரியவில்லை என்பதை நாம் பார்த்தோமே. பிரிட்டனில் பழைய இணைப்புகளை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக இருந்தார்கள்; தனியாக வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் அவற்றை நம்பியிருந்ததால் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவு பெரிய நாடே நிதானித்த இடத்தில் நாமும் நிதானிக்கலாம்.

அடுத்தது பாம்பன். இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கினால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்றான். “தம்பி, ரெண்டும் எந்த வழியா தீவுக்குள்ள வருதுன்னு கேட்டியா?” என்றேன். இரண்டு கேபிளும் ஒரே பாலத்தின் ஓரமாக வந்தால் அது பெயரளவில்தான் இரண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது கம்பிகளும் அறுந்தன. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் என்ன ஆனது என்பதுகூட வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. அந்த நினைவோடு வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. ஒன்று இழை, மற்றொன்று கோபுரம் வழி வரும் 4ஜி என்று முடிவு செய்தோம். ஊழியர்களின் கைபேசியிலேயே லாட்ஜ் அழைப்பு வரும்படி செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும்: அரிச்சல்முனைப் பக்கம் போனால் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுக்கு வரவேற்கும். ரோமிங்கை அணைத்து வைக்க வேண்டும்.

எண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கைபேசி எண்ணை 2011 முதல் வேறு கம்பெனிக்கு எடுத்துப் போகலாம். தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. நாக்பூரிலும் கயாவிலும் பூஜை அலமாரிக்குள் ஒட்டியிருக்கும் எங்கள் பழைய காலண்டர்களில் இருப்பது அந்த எண்தான். ஆகவே பழைய கம்பெனியிலேயே, அதே எண்ணோடு, செம்பிலிருந்து இழைக்கு மாறுகிறோம்.

கடைசியாக, பதிவுக் குரல். தமிழுக்கு ஒன்று, ஹிந்திக்கு இரண்டு, அறை வேண்டுமானால் மூன்று என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க எங்களுக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: “ரயில் ராமேஸ்வரம் வருமா, மண்டபத்தோடு நின்றுவிடுமா? நின்றால் கிழவி அம்மாவை எப்படிக் கூட்டி வருவது?” இதற்கு எந்த எண்ணை அழுத்துவது? ரிசப்ஷனில் இருக்கும் பெரியவர், குரலைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவார். எந்தப் பேருந்து, எங்கே ஆட்டோ, எந்த அறைக்குப் படி குறைவு என்று பொறுமையாகச் சொல்லுவார். திதி கொடுக்க வருபவர் பாதிப்பேர் துக்கத்தில் இருப்பார்கள். அவர்களிடம் யந்திரம் முதலில் பேசக்கூடாது. முதல் மணி அவருக்கு; அவர் வேறு அழைப்பில் இருந்தால் மட்டும் பதிவுக் குரல் என்று மாற்றிக்கொண்டான். என் மகிழ்ச்சியை அவனிடம் மறைக்கவில்லை.

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இப்படி மாறப்போகும் தொழில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். உரிமம் பெற்ற கம்பெனியிடம் மட்டும் இணைப்பு வாங்குங்கள். புதியது சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை பழைய லைனுக்குப் பணம் கட்டுங்கள். போனை எடுக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள்.