அடுத்த ரிலீஸ்காரர்

அடுத்த ரிலீஸ்காரர் என்பவர் மென்பொருள் நிறுவனங்களில் மேலாளர் நாற்காலியில் காணப்படும் இனம். சென்னை ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்கு ஒருவராவது இருப்பார். யூசபிலிட்டி எனப்படும் பயன்பாட்டு எளிமைக்கு இவர் எதிரி அல்லர், பரம ரசிகர். அந்த வேலை நடக்காமல் இருப்பதே இந்த ரசிகத்தன்மையால்தான்.

ஒரு நிறுவனம் யூசபிலிட்டியில் முதிர்வதை அத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எட்டுப் படிகளாகப் பிரித்தார். முதல் படி பகைமை. பகைவரோடு வாதாடலாம்; ஒருநாள் வெல்லவும் கூடும். அடுத்த ரிலீஸ்காரரோ எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். “கண்டிப்பா பண்ணணும். யூசர்தானே நமக்கு முக்கியம்? இந்த ரிலீஸ் மட்டும் போகட்டும்.” இந்த ரிலீஸ் போகும். அடுத்தது வரும், வந்ததும் அதுவும் ‘இந்த ரிலீஸ்’ ஆகிவிடும்.

இந்த இனம் புதியதன்று. ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-ல் மூன்று விதிகளை முன்வைத்தார்கள்: தொடக்கத்திலேயே பயனாளரை அறிய வேண்டும், அவர் கையில் கொடுத்து அளந்து பார்க்க வேண்டும், திருத்தி மறுபடியும் சோதிக்க வேண்டும். விதிகளைக் கேட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதியாகவே பட்டது. ஆனால் விதிகளைச் சொல்லும் முன், மென்பொருளை எந்த முறையில் உருவாக்குவீர்கள் என்று எழுதச் சொன்னபோது மூன்றையும் எழுதியவர்கள் சிலரே. அடுத்த ரிலீஸ்காரர் அந்தப் பெரும்பான்மையின் நேர் வாரிசு.

வடிவமைப்பாளரை இவர் கூப்பிடும் நேரத்தை வைத்தே இவரை அடையாளம் காணலாம். கோடிங் முடிந்து, டெஸ்டிங் முடிந்து, கோ-லைவுக்குப் பத்து நாள் இருக்கையில் அழைப்பு போகும். ரசத்தை இறக்கியபின் தூவும் கொத்தமல்லிதான் இவருக்கு யூசபிலிட்டி. “ஸ்க்ரீன் கொஞ்சம் டல்லா இருக்கு, பாத்து அழகு பண்ணிக் குடுங்க” என்பார். மூன்று திரைகளை ஒன்றாக்க வேண்டும் என்று பதில் வந்தால், “ஃப்ளோவுல கை வைக்காதீங்க, கலர் மட்டும் பாருங்க.”

புள்ளியியலில் இவருக்குத் தனிப் பிடிப்பு உண்டு. ஒரு சுற்றுச் சோதனைக்கு ஐந்து பயனாளர் போதும், குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். அடுத்த ரிலீஸ்காரர் ஒப்பமாட்டார். “லட்சம் பேர் யூஸ் பண்றாங்க. அஞ்சு பேரைக் கேட்டு முடிவு பண்ணலாமா?” அடுத்த மூச்சிலேயே, “நேத்து வீட்ல என் ஒய்ஃப்கிட்ட குடுத்தேன். ஒரு பிரச்சினையும் இல்ல” என்று விவாதத்தை முடித்து வைப்பார்.

தப்பித் தவறிச் சோதனை நடந்தால் இவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது ஆபத்து. மருத்துவமனை பில்லிங் மென்பொருளைச் சோதிக்கக் கவுன்ட்டர் அம்மா ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லைப் போட்டுவிட்டார், சேமிக்கும் பொத்தானைக் காணோம். அது வலது மூலையில், சாம்பல் பின்னணியில், சாம்பல் நிறத்திலேயே பதுங்கியிருக்கிறது. அம்மாவின் மவுஸ் திரையை வலம் வருகிறது. அடுத்த ரிலீஸ்காரர் நாற்காலி நுனிக்கு வருகிறார், உதடு துடிக்கிறது. “மேல பாருங்கம்மா... ரைட்ல... இன்னும் மேல...” அம்மா அழுத்திவிடுகிறார். அறிக்கையில் இரண்டே வரி: ‘டெஸ்ட் பாஸ். யூசருக்கு ட்ரெயினிங் தேவை.’

பெரிய விபத்துகளும் இவரை அசைப்பதில்லை. 2020 ஆகஸ்டில், ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாக 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டிய சிட்டிபேங்க், ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அசலை வெளியே போகவிடாமல் நிறுத்த மென்பொருள் திரையில் மூன்று கட்டங்களை நிரப்பியிருக்க வேண்டும்; நிரப்பியது ஒன்றை மட்டும். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தும் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த ரிலீஸ்காரரின் தீர்ப்பு: “மேனுவல்ல தெளிவா போட்டிருக்கே!”

இவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இவருடைய அப்ரைசல் தாளில் ரிலீஸ் தேதி இருக்கிறது. கவுன்ட்டர் அம்மா இல்லை. அம்மா ஹெல்ப்டெஸ்குக்குப் போன் போட்டால் அந்தச் செலவும் வேறு துறையின் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஆகவே அறிவுரை, பயிலரங்கு, சுவரில் ஒட்டும் வாசகம் எதுவும் இவரிடம் பலிப்பதில்லை. பயனாளர் சோதனை முடியாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்று நிறுவனம் விதி வகுத்து, ஹெல்ப்டெஸ்க் அழைப்புகளை இவர் கணக்கில் எழுதினால், ஒரே அப்ரைசல் பருவத்தில் ஆள் மாறிவிடுவார். “யூசர்கிட்ட காட்டாம ஒரு ஸ்க்ரீன் வெளிய போகக்கூடாது” என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பே எடுப்பார். மேனுவல் எழுதும் வேலை மட்டும் அடுத்த ரிலீஸுக்குப் போகும்.