வான்திணையும் நீர்த்திணையும்: மலிவுக் கைக்கடிகாரங்கள் குறித்து ஓர் ஒப்பாய்வு

பழைய சாயலில் புதிதாகச் செய்து, மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்கப்படும் கைக்கடிகாரங்கள் இருதிணைப்படும். விமானிக் கடிகாரம் வான்திணை. முக்குளிப்போர் கடிகாரம் நீர்த்திணை. இரண்டுக்கும் உரிப்பொருள் ஒன்றே: போகாமையும் போகாமை நிமித்தமும். கட்டியவர் மேலேயும் போகார், கீழேயும் போகார்.

வான்திணையின் முதல்நூல் ஜெர்மன் விமானப்படையினுடையது. இரண்டாம் உலகப் போரில் ஐ.டபிள்யூ.சி., லாங்கே, லாகோ, ஸ்டோவா, வெம்பே ஆகிய ஐவர் செய்தது. அகலம் 55 மில்லிமீட்டர். ஜாக்கெட்டின் கைக்கு மேல் கட்டத்தக்கது. அதை நம்பியிருந்தவரோ விமானம் ஓட்டியவரல்லர், உள்ளே உட்கார்ந்து வழி கணித்த நேவிகேட்டர். ஆகவே இன்று ஜப்பானிய மியோட்டா இயந்திரம் பொருத்திய 42 மில்லிமீட்டர் லாகோவை முழுக்கைச் சட்டைக்குள் திணிக்கும் அன்பர் பின்பற்றுவது வீரனை அல்ல, கணக்குப்பிள்ளையை.

நம் நாட்டு வழிநூல் ஹெச்.எம்.டி. பைலட். சிட்டிஸன் கூட்டோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. கறுப்பு முகம், 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஆலை மூடியபின் சந்தையில் உலவும் பல படிகளில் டயல் ஓரிடத்தது, முள் வேறிடத்தது, எழுத்து போன மாதம் அச்சிட்டது. மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்பதில் இருவேறு பதிப்பு மரபுகள் உள. (காண்க: பழைய கடிகாரம் விற்பவர், வாய்மொழி. மறுப்புக்குக் காண்க: பக்கத்துக் கடைக்காரர், உரத்த வாய்மொழி.)

இனி நீர்த்திணை.

கேசியோ டூரோ பாட்டரியில் ஓடும். நேரத்தைச் சரியாகக் காட்டுவதே இதன்மேல் அறிஞர்கள் சுமத்தும் முதற்குற்றம். மாறாக, 1996-இல் வந்த சீகோ எஸ்.கே.எக்ஸ். 007-க்குச் சாவி கொடுக்கவே முடியாது. நின்றுவிட்டால் உடுக்கை போல ஆட்டி உயிர்ப்பிக்க வேண்டும். ஆகவே அது காவியம்.

இரண்டும் 200 மீட்டர் ஆழம் தாங்கும். பொழுதுபோக்காக முக்குளிப்போருக்கு வகுத்த எல்லை 40 மீட்டர். மிச்சம் 160 மீட்டரை வாங்கியவர் என்ன செய்கிறார் என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது. ரேடியம் பூச்சு பல ஆண்டுகளில் பழுத்து அடையும் நிறத்தைச் சில புதுக் கடிகாரங்களுக்கு ஆலையிலேயே பூசி அனுப்புகிறார்கள். படிக்காத நூல்களால் துணைநூற்பட்டியலை நீட்டுவோர் இத்தொழில்நுட்பத்தை முன்பே அறிவர்.

நீர்த்திணையின் உயிர்நிலை விளிம்பு வளையம். இதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டு மூழ்கினால், எவ்வளவு நேரம் கழிந்தது என்று தெரியும். எஸ்.கே.எக்ஸ். வளையத்துக்கு 120 சொடுக்கு. சொடுக்குக்கு அரை நிமிடம். இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்து பிழைத்துக்கொள்வார். இதே பொறியமைப்பு தமிழாய்வில் நெடுநாளாகப் புழங்குவது. நூல்களின் காலத்தைக் கணிக்கும் வளையத்தைச் சிலர் பின்னோக்கி மட்டுமே திருப்புவர். எந்தக் கல்வெட்டில் இடித்தாலும் நூலுக்கு இருநூறு வயது கூடும். சொடுக்குக்கு அரை நூற்றாண்டு. உயிர்ச்சேதம் இல்லை.

நீரில் இறங்காதார்க்கு இவ்வளையம் எதற்கு? இட்லி வேகும் நேரத்தைக் கணிக்க என்பார் ஒரு சாரார். (இட்லி அடுப்பிலேறியபின் அடுக்களையில் கேட்டது, சட்னி அரைபடும் ஓசையால் சில சொற்கள் சிதைந்துள்ளன.) ஆழ்கடலுக்கே என்பார் மறுசாரார். (மைத்துனர், கல்யாணப் பந்தி உரை, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட பகுதி, அதன்மேல் சித்தப்பா எழுப்பிய தடை, பாயசம் முடிய, தடைக்கு மைத்துனர் தந்த விடை, கைகழுவும் குழாயடியில், தண்ணீர் பட்டுவிடும் என்று கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பின்.)