சென்சார் வித்தகர்

பதினைந்து ஆண்டு நிறைந்து, பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டிய பிறகும் காரை விற்க மனமில்லாதவர்கள் தமிழ்நாட்டு நகரங்களில் பலர் உண்டு. அவர்களுள் எஞ்சினின் அந்தரங்கம் தமக்கு மட்டுமே தெரியும் என்று நம்புகிறவர் தனி இனத்தைச் சேர்ந்தவர். இங்கே சென்சார் வித்தகர் என்று குறிக்கப்படுபவர் அவரே. வங்கியிலோ மின்வாரியத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்றவராகவோ, ஓய்வை ஆவலுடன் எதிர்நோக்குபவராகவோ இருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். அவருடைய கார் 1998-இல் சந்தைக்கு வந்த சான்ட்ரோவாகவோ, 2000 வாக்கில் கார்பரேட்டரைக் கைவிட்டு எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறிய மாருதி 800 ஆகவோ, அவற்றின் சமகாலத்து வேறொன்றாகவோ இருக்கும்.

எம்.பி.எஃப்.ஐ. என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. எவ்வளவு பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் பொறி தட்டுவது என்பவற்றை ஈ.சி.எம். எனப்படும் கணினிப் பெட்டி முடிவுசெய்கிறது. குளிர்நீரின் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம், புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து மின்குறிப்பாக அந்தப் பெட்டிக்கு அனுப்பும் உணரிகளே சென்சார்கள். மற்ற சென்சார்கள் தவறாகச் சொன்னால் வண்டி திக்கித் திணறியாவது ஓடும். கிராங்க் சென்சார் பேசாமற்போனால் பல வண்டிகளில் எஞ்சின் நின்றே விடும். கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருந்தும் 58 மட்டுமே வெட்டப்பட்டிருப்பது பரவலான அமைப்பாகும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சாரில் ஒரு துடிப்பு எழ, பல் இல்லாத இடைவெளியைக் கொண்டு பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி அறிந்துகொள்கிறது. ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினாலே வினாடிக்கு 770-க்கு மேற்பட்ட துடிப்புகள் எழும் என்னும் கணக்கை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்காகக் காத்திருக்கும்போது எடுத்துரைக்கவல்லவர் வித்தகர்.

கிராங்க் சென்சார் கெடும் விதம் அவருடைய இயல்புக்கு மிகவும் உகந்தது. காலையில் ஒரே சாவியில் வண்டி எடுக்கும். எஞ்சின் நன்கு சூடானதும் வடபழனி சிக்னலில் திடீரென்று ஆஃப் ஆகும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் எடுக்கும். பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடிக்க, ஆட்டோக்காரர் “வண்டிய ஓரங்கட்டு சார்” என்று கத்த, மனைவி “அப்பவே வித்துடுங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன்” என்று நினைவூட்ட, வித்தகர் மட்டும் சாவியைத் திருகியபடி ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போதும் அந்த முள் பூச்சியத்திலேயே கிடந்தால் கிராங்க் துடிப்பு வரவில்லை என்று ஐயுறலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் உழைக்காமல் கிடைத்த முடிவு அறிவுக்கு இழுக்கு என்பது அவருடைய கொள்கையாதலால், முதலில் ஸ்பார்க் பிளக்குகளையும், அடுத்த மாதம் காயிலையும், அதற்கடுத்து ஃபியூயல் பம்பையும் மாற்றிவிட்டே தொடக்கத்தில் கண்ட முள்ளுக்குத் திரும்புவார்.

தெருமுனை மெக்கானிக்கின் தீர்ப்பு மிகச் சுருக்கமானது.

“சென்சார் போயிருக்கும் சார்.”

“எந்த சென்சார்ப்பா?”

“அதான் சார், சென்சார்.”

இந்த விடை வித்தகருக்கு அளவற்ற இன்பம் தரும். ஏனெனில் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருந்தாலும் ஏன் சரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே கண்டுபிடிப்பின் பெருமை இன்னும் யாருக்கும் போய்விடவில்லை. உடனே புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கப்படும். வண்டி தன் கோளாற்றைத் தானே கண்டு பதிந்துவைக்கும் ஓ.பி.டி. என்னும் ஏற்பாடு இந்தியாவில் 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளை ஒட்டியே கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய கார்களின் கணினிகள் நிறுவனத்துக்கு ஒரு பாஷை பேசுவதால் ஸ்கேனர் பெரும்பாலும் திருதிருவென்று விழிக்கும். தப்பித்தவறி பேச்சுக் கொடுத்து பி0335 என்ற குறியீட்டைக் காட்டினாலும், கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் பழுது என்பதே அதன் பொருள். சர்க்யூட்டில் சென்சாரோடு வயரும் கப்ளரும் அடங்கும். சாட்சி கோர்ட்டுக்கு வராததாலேயே அவன் செத்துப்போனான் என்று முடிவுகட்டலாகாது, வரும் வழியில் பாலம் உடைந்திருக்கலாம் என்று இதை அவர் மெக்கானிக்குக்கு விளக்குவார். மெக்கானிக் அதற்குள் வேறொரு வண்டிக்கு அடியில் போயிருப்பார்.

வித்தகரின் மெய்யான திறமை வெளிப்படுவது இதற்குப் பிறகுதான். கப்ளரைக் கழற்றி ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். எஞ்சின் ஓடும்போது வயரை மெல்ல ஆட்டி எங்கே மூச்சு நிற்கிறது என்று கவனிப்பார். இரண்டு வயர் கொண்ட காந்தச்சுருள் வகையானால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுவார். ஆறிய நிலையில் சில நூறு ஓம் காட்டினால், மகளின் ஹேர் டிரையரைக் கேளாமல் எடுத்துவந்து சென்சாரைச் சூடேற்றுவார். எண்கள் தடுமாறி, சட்டென்று ஓ.எல். என்று, அதாவது சுருள் அறுந்து வழி அடைபட்டது என்று, மீட்டர் காட்டும் கணத்தில் அவர் முகத்தில் தோன்றும் ஒளி மகளின் தேர்வு முடிவு வந்த நாளிலும் காணப்படாதது. மூன்று வயர் கொண்ட ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை செல்லாது, முதலில் அதற்கு வரவேண்டிய மின்னழுத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டர் சுழலும்போது துடிப்பு எழுகிறதா என்றே சோதிக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர். அவ்வீட்டில் அவர் கேட்கும் கேள்விக்கு எதிர்க்கேள்வி போடாமல் எண்ணால் விடை சொல்வது அந்தக் கார் ஒன்றுதான் என்பதை நோக்க, அதை விற்க அவர் மறுப்பதன் காரணம் விளங்கும்.

அடுத்தது கொள்முதல். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் பழைய சென்சாரின் பார்ட் நம்பரைக் காட்டி, ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று டப்பாவைத் தலைகீழாகப் புரட்டுவார். புதுப்பேட்டையில் கழற்றிய சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று மைத்துனர் சொன்னால், சூட்டில் சாகும் உறுப்பைப் பழையதாக வாங்குவது இன்னொருவருடைய வடபழனி சிக்னலைக் காசு கொடுத்து வாங்குவதாகும் என்று மறுத்துவிடுவார்; இதில் அவர் சொல்வது முற்றிலும் நியாயம்.

மாற்றும் வேலையோ பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்ற அளவில் முடிவது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பின், துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் பற்றிய சென்சாரை நெம்பாமல் இப்படியும் அப்படியுமாகத் திருகி உருவ வேண்டும். புதியதன் ஓ-ரிங்கில் துளி எண்ணெய் தடவிப் பொருத்தி, போல்ட்டை அளவோடு இறுக்கி, வயர் சைலன்சர் குழாயின் சூட்டில் படாமல் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் அரை மணி போதும். ஆனால் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் பல்சக்கரத்திலிருந்து விளக்கம் தரப்படுவதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செல்லும்.

வண்டி சரியானபின் வித்தகர் எழுதும் செலவுக் கணக்கு தனி இலக்கியம். அதில் சென்சாரின் விலை மட்டுமே ரிப்பேர்ச் செலவாக ஏறும். பிளக்குகளும் காயிலும் பம்பும் “எப்படியும் மாற்ற வேண்டியவை” என்னும் தலைப்பிலும், ஸ்கேனர் “குடும்பத்துக்குப் பொது” என்னும் தலைப்பிலும், புதிய ஹேர் டிரையர் மகளின் கணக்கிலும் ஏறிவிட, மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையில் பாதிதான் ஆயிற்று என்று எவராலும் மறுக்கமுடியாதபடி நிறுவப்படும். மனைவி மட்டும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்திருப்பார். அவருக்கு மல்டிமீட்டர் தேவைப்படவில்லை.