பின்னால கைய விட்டு எடு, மாப்ளே!

ஏ மாப்ளே, தேதி முடிஞ்சுபோச்சுன்னு உப்புப் பாக்கெட்டைக் குப்பையில போட்டியாமே, உங்கம்மா சொன்னா. கடல்ல காலங்காலமாக் கெடக்கிறது, உன் அடுப்படிக்கு வந்ததும் கெட்டுப்போச்சோ? அதுல சேர்த்த அயோடின் நாள்பட நாள்படக் குறையும், அதுக்குப் போட்ட தேதிப்பா அது. உப்பு பாட்டுக்கு உப்பாத்தான் இருக்கும். படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியாததா!

பலசரக்குக் கடை வச்சுத் தலை நரைச்சவன் சொல்றேன், கேளு. 'பெஸ்ட் பிஃபோர்'னு போட்டிருந்தா, அந்த நாள் வரைக்கும் மொறுமொறுப்புக்கும் மணத்துக்கும் கம்பெனிக்காரன் பொறுப்பு. அப்புறம் பிஸ்கட் நமுத்துப்போகும், ஆளைக் கொல்லாது. ஆனா 'யூஸ் பை', 'எக்ஸ்பயரி'ன்னு இருந்தா அதோட விளையாடாதே. பால், பனீர், கைப்பிள்ளைக்குக் கரைக்கிற பால்மாவு எல்லாம் அந்தக் கணக்கு. தேதி தாண்டி விக்கிறதே குத்தம். மோந்து பார்த்தேன், நல்லாத்தானே இருக்குங்காதே. புளிச்சது மூக்குக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கிருமி எல்லாத்துக்கும் வாடை கெடையாது.

அந்தத் தேதியும் பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான், அவன் சொன்ன குளிர்ல வச்சிருந்தாத்தான். நீ பால் பாக்கெட்டை வண்டியில மாட்டிக்கிட்டு, உச்சி வெயில்ல டீக்கடை வாசல்ல நின்னு அரசியல் பேசிட்டு வீட்டுக்கு வந்து, 'நாளைக்கு வரைக்கும் தேதி இருக்கே'ங்கிறே. தேதி இருக்கு மாப்ளே, பால்தான் இல்லை.

கடைக்காரன் சூட்சுமம் ஒண்ணு சொல்றேன், வெளியில விட்றாதே. புதுச் சரக்கு வந்தா பின்னால அடுக்குவோம், பழசு முன்னால வந்து நிக்கும். முன்னால நிக்கிறதை மறுபேச்சில்லாம எடுத்துட்டுப் போறவனைத்தான் நல்ல கஸ்டமர்னு கும்பிடுவோம். உங்க அத்தை இருக்காளே, ஊரான் கடைன்னா முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத்தான் பாக்கெட்டை உருவுவா. 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்'னு போர்டைக் கண்டா, பல்லைக் காட்டாம முதல்ல பாக்கெட்டைத் திருப்பு. ஆஃபரை ஆனை சைஸ்ல எழுதியிருப்பான். தேதியை ஒட்டுற மடிப்புக்குள்ள, பாதி அழிஞ்ச மையில அடிச்சிருப்பான். விரல்ல நீவி விரிச்சுப் படி.

நீதான் கடைக்கே போறதில்லையே, போனைத் தட்டினா பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துருது. அங்கே எங்கே போய்ப் பின்வரிசையில கைய விடுவே? அதுக்குத்தான் 2024-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரக்கு உன் கைக்கு வரும்போது அதோட ஆயுசுல 30 சதவீதமோ, இல்லைன்னா 45 நாளோ மிச்சம் இருக்கணும்னு அந்தக் கம்பெனிகளைக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. கொண்டாந்த பையன் கிளம்புறதுக்குள்ள ஒருதரம் பாரு. அஞ்சு ஸ்டார் குடுத்துட்டு அப்புறம் தேதியைத் தேடாதே.

ஆமா, ஃபிரிட்ஜ் மேல்தட்டுல ஒரு தூக்குச்சட்டி பார்த்தேனே, போன அமாவாசைச் சாம்பாரா? அதுலதான் தேதியே போடலையேன்னு சுடவச்சு எனக்கு ஊத்திறாதப்பா.