பானெட்டில் நாலு சைட்

பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் அறிவித்தது. மறுபடி மாட்டினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 500. அந்த மாதமே 22 வீட்டுக்காரர்களிடம் 1.1 லட்சம் வசூலானது என்று செய்தி வந்தது. எங்கள் ஜோகுபாளையம் சந்தில் அந்தச் செய்தியை உரக்கப் படித்தவர் மாடி வீட்டு அம்மா. படித்து முடித்துவிட்டு என் காரைப் பார்த்தார். அது அன்றைக்கு இருந்த நிலைமைக்கு, வாரியம் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியிருக்க வேண்டும்.

வாரியத்தையும் குறை சொல்ல முடியாது. தொரேகாடனஹள்ளியில் இருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் ஓட்டி, நடுவே பம்ப் மேல் பம்ப் வைத்து, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீர். பெங்களூர்த் தமிழன் ஒருவன் நடுச்சந்தில் நின்றுகொண்டு அந்தக் காவிரியைக் கார் டயரில் ஊற்றினால் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே ஆள்மேல் கோபம் வரும். இப்படி ஓர் ஒற்றுமையை எந்த நடுவர் மன்றமும் கொண்டுவந்ததில்லை.

போர்வெல் தண்ணீர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, உப்பாக. வெயிலில் காய்ந்தால் சொட்டு விழுந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். என்னுடையது கருநீல வண்டி. ஒரு வளையத்தையும் மறைக்காது.

ஆக, தண்ணீர் குறைவாகக் கேட்கிற கார் வேண்டும். அதற்கு வழி மெழுகு என்று சொன்னார்கள். காரில் மெழுகு ஒழுங்காக இருந்தால் அழுக்கு பெயின்டைப் பிடிக்காது, அரை பக்கெட்டில் வேலை முடியும் என்பது கணக்கு. எந்த மெழுகு என்பதுதான் கேள்வி. இந்திராநகர் 100 அடி ரோடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் ஏ.சி. அறைக்குள் உட்காரவைத்து, காபி கொடுத்து, செராமிக் கோட்டிங் என்று ஐந்து இலக்கத் தொகை ஒன்றைச் சொன்னார்கள். என் காரை விற்றால் கிடைப்பதும் அநேகமாக அதேதான். காபி நன்றாக இருந்தது.

ஜே.சி. ரோடு வேறு உலகம். கார் சம்பந்தப்பட்ட எதுவும் அங்கே கிடைக்கும். இடிக்காமல் நடக்க இடம்தான் கிடைக்காது. மெழுகு என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே பின்னால் கையை நீட்டி டப்பாக்களை அடுக்குகிறார். தகர டப்பாவில் வருகிற பேஸ்ட், பாட்டிலில் திரவம், மூன்றாவது ஸ்ப்ரே. எல்லா லேபிளிலும் கண்ணைக் கூசவைக்கும் ஒரு சிவப்புக் கார். பாதிக்கு மேல் டப்பாக்களில் 'கார்னூபா' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிரேசிலின் வடகிழக்கில், காய்ந்த பூமியில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படிகிற மெழுகு அது. இலையை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்ப்பார்கள். இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கெட்டி. தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். கார்னூபாவுக்கு 80க்கு மேல் வேண்டும். மிட்டாயிலும் மாத்திரையிலும் தெரிகிற மினுமினுப்புக்கும் இதைத்தான் பூசுகிறார்கள். அதனால் என் காரைப் பக்கத்து வீட்டுக் குழந்தை நக்கினாலும் பயப்பட வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். டப்பாவில் கார்னூபாவோடு கலந்திருக்கிற கரைப்பான்களைப் பற்றி அவள் கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

இந்த வியாபாரத்தின் கதையே தனி ரகம். மெகையர்ஸ் கம்பெனி 1901இல் அமெரிக்காவில் மர சாமான்களுக்குப் பாலிஷ் செய்யத் தொடங்கியது. கார் பாலிஷ் அப்புறம்தான் வந்தது. டர்ட்டில் வாக்ஸை உண்டாக்கிய சிகாகோக்காரர் பென் ஹிர்ஷைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: நிறுத்தியிருக்கும் ஊரார் கார்களில் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் தேய்த்துப் பளபளக்கவைத்துவிட்டு, சொந்தக்காரர் வரும்வரை பக்கத்திலேயே நிற்பாராம். மீதிக் காரும் அப்படி ஆகணும் என்றால் பாட்டில் வாங்கு என்பாராம். 1940களின் சிகாகோவில் இது நடந்தது. ஜோகுபாளையத்தில் அடுத்தவன் வண்டியில் கைவைத்துத் தேய்த்தால் பாட்டில் விற்பதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிவரும்.

விலை குறைந்த மூன்று வகையையும் வாங்கிவந்தேன். ஞாயிறு காலையில் காரைக் கழுவி (டேங்கர் தண்ணீர், வாரியம் கவனிக்கவும்), பானெட்டின் மேல் மஞ்சள் பேப்பர் டேப்பை ஒட்டி நாலாகப் பிரித்தேன். ஒன்றில் பேஸ்ட், அடுத்ததில் திரவம், மூன்றாவதில் ஸ்ப்ரே. நாலாவதில் எதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வெறுமனே விடவேண்டியது. இது எனக்கு ஆராய்ச்சி. சந்துக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர்தான் முதலில் நின்றார். "இன்னா சார், பானெட்டை சைட் போட்டு விக்கிறீங்களா?"

மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "கார்னர் சைட் எது? ஈஸ்ட் ஃபேஸிங்கா?"

"அதெல்லாம் அப்புறம்மா. ஏ காத்தாவா, பி காத்தாவான்னு மொதல்ல கேளுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

இந்த ஊரில் சைட், அதாவது மனை, வாங்கப் போய் நொந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஏ காத்தா என்றால் பத்திரம் சுத்தம், பேங்க் கடன் கொடுக்கும். பி காத்தா என்றால் வரி மட்டும் கட்டலாம், மற்றதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி. அன்றிலிருந்து என் பானெட்டுக்கும் அதே பேச்சாகிவிட்டது. நாலாவது துண்டுக்கு வேகன்ட் சைட் என்று பெயர். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் (பி.டி.ஏ.) லேஅவுட்டுகளில் நடப்பதுபோலவே அங்கேதான் முதல் ஆக்கிரமிப்பும் நடந்தது. எஞ்சின் சூட்டுக்கு வந்து படுக்கும் மாடி வீட்டுப் பூனை, மெழுகு போட்ட மூன்றையும் விட்டுவிட்டு வேகன்ட் சைட்டைத்தான் பிடித்தது. மெழுகின் மேல் அதற்குக் கால் நிற்கவில்லை. இதைவிட நேர்மையான ஆய்வாளரை நான் பார்த்ததில்லை.

போடுகிற பக்குவத்தைச் சொல்லியாக வேண்டும், அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நிழலில் நிறுத்தி பானெட் ஆறியிருக்க வேண்டும். ஸ்பாஞ்சில் எட்டணாக் காசு அளவுதான் எடுக்க வேண்டும். மெல்லிசாகப் பரப்பிவிட்டுக் காத்திருந்தால் மேலே பனி மூடினமாதிரி வெளுப்பு வரும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு சுத்தமாக விழுந்தால் காய்ந்துவிட்டது, இழுவினால் பொறுக்க வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் எடுப்பது. நம் ஆட்கள் செய்வது வேறு: காசு கொடுத்து வாங்கினது என்று அப்பு அப்பென்று அப்புவார்கள். அத்தனையையும் துடைத்தே எடுக்க வேண்டும். கைதான் வலிக்கும், காரில் தங்குவது அதே மெல்லிசுதான். அதிகமானது கார் பெயர் எழுத்துகளின் இடுக்கிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் போய் வெள்ளையாக உறைந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்து உட்கார வேண்டியதுதான்.

ஆட்டோக்காரர் இதையெல்லாம் ஏற்கவில்லை. அவருடைய அப்பா அம்பாசடர் ஓட்டினவர். "அந்தக் காலத்துல பாலிஷ் போட்டுத் துடைச்சா துணியே கறுப்பாயிடும் சார், அவ்ளோ அழுக்கு வரும்" என்றார். அப்பாவின் வண்டி என்ன நிறம் என்று கேட்டேன். கறுப்பு. துணியில் வந்தது வண்டியின் பெயின்டேதான். அந்தக் கால வண்டிகளுக்கு நிறத்தின் மேல் தனிப் பூச்சு கிடையாது; தேய்த்தால் மங்கின மேல்தோல் உரிந்து கீழேயிருப்பது பளபளக்கும். இப்போதைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத க்ளியர் கோட் இருக்கிறது. மங்கினதைத் தேய்த்துச் சரிசெய்வது பாலிஷின் வேலை. மெழுகு காவலுக்கு மட்டும்தான். மங்கின வண்டிக்கு மெழுகு போட்டால் மங்கலைத்தான் அது காவல் காக்கும். ஜே.சி. ரோட்டில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சொன்னால் டப்பா விற்காது.

கவர் போட்டு மூடினால் தீர்ந்தது என்பது ஆட்டோக்காரரின் அடுத்த யோசனை. "நம்ம அல்சூர்ல வள்ளுவர் சிலையையே 18 வருஷம் மூடி வெச்சிருந்தாங்க. 2009ல தொறந்தப்போ பொலிவு கொறைஞ்சாரா?" மறுக்கக் கஷ்டமான வாதம்தான். ஆனால் வள்ளுவர் ஆபீஸ் போய் வந்ததில்லை. தினமும் வெளியே போகிற வண்டிக்குத் தூசியோடு கவரை இழுத்து இழுத்துப் போட்டால் அதுவே உப்புத்தாள் தேய்த்த கணக்காகிவிடும்.

முடிவுக்கு வருகிறேன். முதல் நாள் மினுக்கில் மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எது நன்றாயிருக்கிறது என்று மாடி வீட்டு அம்மாவைக் கேட்டதற்கு, நிதானமாகப் பார்த்து வேகன்ட் சைட்டைக் காட்டினார். கழுவின காரின் பளபளப்பே போதுமானது என்று இதற்கு அர்த்தம். கண்ணைச் சுருக்கி, சாய்ந்து நின்று, வெயிலைத் தோளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் பேஸ்ட் போட்ட துண்டில் கருநீலம் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது. எங்கள் சந்தில் சாய்ந்து நிற்க இடமில்லை.

உழைப்பில்தான் வேறுபாடு. ஸ்ப்ரே இருக்கிறதே, மாம்பழ மழை ஒன்று பெய்ததும் முத்து முத்தாக உருட்டிக் காட்டி எல்லோரையும் மயக்கியது. சில வாரத்தில் முத்தும் இல்லை, மெழுகும் இல்லை. கார்னூபா பேஸ்ட் அதைவிடத் தாக்குப்பிடித்தது. ஆனால் காரிலேயே அதிகம் சுடுகிற இடம் பானெட். பிரேசில் வெயிலில் பிறந்தது என்றாலும் எஞ்சின் சூடும் சேர்ந்தபோது அதுவும் தளர்ந்தது. மழை முடிகிறவரை ஏ காத்தாவோடு நின்றது பாட்டிலில் வந்த செயற்கைத் திரவம்தான். சீலன்ட் என்கிறார்கள். பிரேசில் இல்லை, பனை இல்லை, கதையே இல்லை. ஏதோ ஒரு தொழிற்சாலைப் பாலிமர். கதையில்லாததாலோ என்னவோ, மூன்றிலும் அதன் லேபிள்தான் மங்கலாக இருந்தது.

மழையைவிடப் பெரிய பரீட்சை மேலே இருந்து வந்தது. 1980களில் நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி இந்த ஊரில் 15 லட்சம் மரம் நட்டார். அவருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன். ஆனால் மரமென்றால் காக்கையும் சேர்ந்தது. எச்சத்தை வெயிலில் காயவிட்டால் க்ளியர் கோட்டையே அரித்துத் தடம் விட்டுவிடும். சீலன்ட் துண்டில் விழுந்தது அரை மக் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. வேகன்ட் சைட்டில் விழுந்ததன் வரைபடம் இன்னும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

எந்த மெழுகுக்கும் எமன் ஒருவன் உண்டு: விடிகாலையில் வந்து மாத சம்பளத்துக்குக் கார் துடைக்கிற தம்பி. ஒரு பக்கெட், ஒரு துணி, சந்திலிருக்கிற எல்லா வண்டியின் மண்ணையும் எல்லா வண்டிக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்துவிடுவான். அழுக்கு போகவில்லையென்றால் துணி சோப்புத் தூள். மெழுகை உரிக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. அவனிடம் கார் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்தேன். ஷாம்பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "குரு, இது தலைக்கும் போடலாமா?" என்று கேட்டான்.

ஆயுத பூஜையன்று பானெட்டில் சந்தனம், குங்குமம், மஞ்சள், மேலே சாமந்தி மாலை; பம்பரில் வாழைக்கன்று, டயருக்கு எலுமிச்சை. இரண்டு நாள் கழித்துத் துடைத்தபோது சீலன்ட் போட்ட பக்கம் மஞ்சள் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. வேகன்ட் சைட்டில் மட்டும் தேய்க்கத் தேய்க்கப் பூஜை தொடர்ந்தது. அதற்கப்புறம் கார் முழுக்க ஒரே லேஅவுட்டாகச் சீலன்ட் போட்டாயிற்று.

மிச்சம் கிடந்த பேஸ்ட் டப்பா பேரன் காலம் வரைக்கும் வரும்போலிருந்தது. ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஆட்டோ முழுக்கத் தேய்த்துவிட்டு, மீதியை மீட்டர் கண்ணாடிக்கும் போட்டிருக்கிறார். பிரமாதமாகப் பளபளக்கிறது. ஓடுவதுதான் இல்லை.